பிக்கப் வண்டியின் பின்பக்கம் கூடுதல் ஸ்பிரிங் பட்டை: வைத்துக்கொள்வதா, கழற்றுவதா?

அணைக்கட்டு_கத்தரி எழுதியது:

வணக்கம். இலவம்பாடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கத்தரித் தோட்டம். ஒன்றரை வருடத்துக்கு முன் கைமாறி வந்த பிக்கப் ஒன்றை வாங்கினேன். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் 1,300 கிலோ ஏற்றலாம். வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் ஏற்றிப் போகிறேன். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு அக்கம்பக்கத்தாரின் மாடுகளை, ஒரு நடைக்கு இரண்டு என்ற கணக்கில் கொண்டு போகிறேன்.

முன்பு வைத்திருந்தவர் பின்பக்கம் இரு புறமும், சுமையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளோடு இரண்டிரண்டு பட்டை கூடுதலாகப் போட்டிருக்கிறார். மாடு ஏற்றினால் வண்டி குனிவதே இல்லை. ஆனால் அரைச் சுமை என்றால் எலும்பு வரை அதிர்கிறது. எங்கள் ஊர்க் கத்தரிக்குக் காம்பில் முள் உண்டு. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த முள்ளுக் கத்தரிதான். பெட்டி குதிக்கும்போது ஒரு காயின் முள் அடுத்த காயில் இறங்கிவிடுகிறது. மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் அந்த இடம் ஊசி முனை அளவு கறுத்துவிடும். வியாபாரி அடிப்பெட்டியில் கைவிட்டு அப்படிப்பட்ட நான்கு காயை எடுத்துக் காட்டி, மொத்தப் பெட்டிக்கும் விலையைக் குறைக்கிறார். பறித்தவர்களின் உழைப்பு முழுவதும் அந்த நான்கு காயில் போகிறது.

இன்னொன்று. முன் சக்கர பிரேக் பேட் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேய்ந்துவிடுகிறது. பின் சக்கர லைனிங் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கிறது. இதற்கும் பட்டைக்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

கட்டட வேலை எடுத்துச் செய்யும் என் மைத்துனர், தளம் போடும் நாட்களில் கான்கிரீட் கலவை இயந்திரத்தை என் வண்டியில் கட்டி இழுத்து வரச் சொல்கிறார். அது ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். ஒரு பட்டறையில் கனமான பட்டை இன்னும் ஒன்று போடச் சொன்னார்கள். வேறொருவர் பட்டைக்குத் துணையாகச் சுமை தாங்கும் காற்றுப் பை வைக்கச் சொன்னார். எதைச் செய்வது?

குடியாத்தம்_தேங்காய் எழுதியது:

அண்ணா, நான் மூன்று பட்டை கூடுதலாகப் போட்டுத்தான் பலமநேர் மலைப்பாதையில் தேங்காய் ஏற்றிப் போகிறேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. தைரியமாகப் போடுங்கள்.

காட்பாடி_பட்டறை எழுதியது:

தம்பி, பட்டை வேலையில் எனக்கு 28 வருடம். நீங்கள் சும்மா சொல்லி வைத்த அந்த பிரேக் சங்கதிதான் எனக்குக் கவலை தருகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் (சேஸிஸ்) நடுவே ஒரு மெல்லிய கம்பி போகும். அதன் மேல்முனையில் ஒரு வால்வு இருக்கும். பட்டறைகளில் எல்.எஸ்.பி.வி. என்போம். சுமை ஏறிச் சட்டம் கீழே இறங்கினால் கம்பி நகர்ந்து, பின் சக்கரத்துக்கு பிரேக் அழுத்தத்தைக் கூட்டிவிடும். வண்டி காலியாக இருந்தால் குறைத்துவிடும். உங்கள் வண்டியில் கூடுதல் பட்டைகள் சட்டத்தை இறங்கவே விடுவதில்லை. 1,300 கிலோ ஏற்றினாலும் வண்டி காலி என்றே அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். அப்புறம் நிறுத்தும் வேலை முழுவதும் முன் சக்கரத்தின் தலையில் விழும். பேட் தேய்வதும் லைனிங் தேயாததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். குனியாத வண்டியைப் பார்த்துப் பலம் என்று மகிழ்கிறோம். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரிசையில் முன்னே நிற்கும் பஸ்ஸுக்குப் பின்னால் நிறுத்தும்போது அந்தப் பலம் உதவாது.

அடுத்தது கணக்கு. ஒரே கனமுள்ள ஐந்து பட்டையோடு ஆறாவது ஒன்று சேர்த்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் கனத்தை, அதாவது தடிமனை மாற்றினால் விறைப்பு தடிமன் × தடிமன் × தடிமன் என்ற கணக்கில் ஏறும். 8 மில்லிமீட்டர் பட்டை இருந்த இடத்தில் 10 மில்லிமீட்டர் போட்டால், அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. "கனமாக ஒன்று போடுங்கள்" என்று சொல்வது சுலபம், அதற்குள் இவ்வளவு இருக்கிறது. எத்தனை பட்டை சேர்த்தாலும் அச்சு, பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையவைதான். ஆர்.சி.யில் உள்ள எடையும் மாறாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய்.

குடியாத்தம் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். பலமநேர் பாதையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. ஒருநாள் வண்டியைக் கொண்டுவந்து அந்தக் கம்பியைக் காட்டுங்கள்.

அணைக்கட்டு தம்பிக்கு என் யோசனை: சேர்த்த நான்கையும் கழற்றுங்கள். கம்பெனி கொடுத்த செட்டிலேயே அடியில் குட்டையாக, வளைவில்லாமல் ஒரு துணைப்பட்டை இருக்கும். சுமை ஏறிய பிறகுதான் அது வேலைக்கு வரும், அதுவரை மேல்பட்டைகள் மெத்தென்று தாங்கும். கத்தரிக்கும் மாட்டுக்கும் ஒரே வண்டியை வைத்திருப்பவருக்கு அந்த அமைப்புதான் சரி. பழைய செட் தொய்ந்திருந்தால் புதிதாக வாங்குங்கள். நெருப்பில் பழுக்கக் காய்ச்சி வளைவு ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், பதம் போய்விடும். பட்டைகளை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகளும் புதிதாக இருக்கட்டும். 500 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி முறுக்க வேண்டும். அது தளர்ந்தால், பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் நடு போல்ட் அறுபட்டு அச்சே நகர்ந்துவிடும்.

கலவை இயந்திரம் வேண்டாம். அதற்குத் தனி பிரேக் கிடையாது. அது ட்ராக்டர் வேலை.

ஆற்காடு_டெக்சாஸ் எழுதியது:

பட்டறை அண்ணன் சொன்னதோடு காற்றுப் பை பற்றி மட்டும் சேர்க்கிறேன். நான் இங்கே ராம் 1500 என்ற பிக்கப் ஓட்டுகிறேன். 2009 முதல் அந்த வண்டிக்குப் பின்னால் பட்டை கிடையாது, சுருள் ஸ்பிரிங்தான். வீட்டு உபயோகத்துக்கு அருமை, ஆனால் கனமான இழுவை வண்டியை மாட்டினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். காற்றுப் பை வைத்துக் காற்று அடித்தேன், வண்டி மட்டமாகிவிட்டது. ஆனால் திருப்பும்போது ஸ்டியரிங் முன்போலவே லேசாக மிதந்தது. காரணம் எளிது. கொக்கியின்மேல் விழும் எடை பின் அச்சுக்குப் பின்னால் இருப்பதால், ஏற்றமரம் போல முன் அச்சைத் தூக்கிவிடுகிறது. இரண்டு அச்சுக்கும் இடையே 3 மீட்டர் என்று வையுங்கள். பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 300 கிலோ வைத்தால், பின் அச்சில் 400 கிலோ கூடும், முன் அச்சில் 100 கிலோ குறையும். காற்றுப் பை உயரத்தைத்தான் சரி செய்யும், போன 100 கிலோவை முன்னுக்குக் கொண்டுவராது. அதற்கு எடையைப் பிரிக்கும் கம்பிகளோடு தனிக் கொக்கி வாங்கினேன். நான் இழுக்கும் வண்டிக்குச் சொந்தமாக மின்சார பிரேக்கும் இருக்கிறது. இவை எதுவும் இல்லாமல் இழுக்காதீர்கள்.

அணைக்கட்டு_கத்தரி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நான்கு பட்டைகளையும் கழற்றிப் புதிய யூ போல்ட் போட்டாயிற்று. இடப்பக்க நடு போல்ட் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. கழுத்தில் பாதி அளவுக்கு அறுபட்டு, அறுந்த இடம் மட்டும் வெள்ளிபோல் மின்னுகிறது. மீதிப் பாதியில்தான் இத்தனை நாள் அச்சு நின்றிருக்கிறது. வால்வுக் கம்பியின் முனை சேறு இறுகி அசையாமல் இருந்தது. அதைச் சுத்தம் செய்து, காலி வண்டியில் அளவு வைத்துத் தந்தார்கள். 1,100 கிலோ ஏற்றி நிறுத்திப் பார்த்தேன், முன்போல மூக்குக் குத்தவில்லை.

டெக்சாஸ் தம்பி சொன்ன கணக்கை எடைமேடையில் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பார்த்தேன். இறக்கச் சுலபம் என்று கடைசிக் கதவோரம் அடுக்கி வந்த 25 கிலோ பெட்டிகளில் பத்தை முன்னால், கேபினை ஒட்டி மாற்றினேன். பின் அச்சில் 120 கிலோ குறைந்தது. மாடுகளையும் இப்போது தலை கேபின் பக்கம் இருக்கும்படி, வைக்கோல் தடிமனாகப் பரப்பி நிறுத்துகிறேன்.

நேற்று வியாபாரி அடிப்பெட்டியில் கைவிட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எடை போட்டார்.

மைத்துனர் இயந்திரத்துக்கு ட்ராக்டர் பிடித்துவிட்டார். கழற்றிய பட்டைகளை ஒடுகத்தூர் கொல்லர் கேட்டார், கொடுத்துவிட்டேன். கொடுவாள் இரண்டு அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.