கெண்டை மீன் பட்டம் காற்றில் நிரம்பாமல் தொங்குவது ஏன்?

கேள்வி (ஹட்டன், முன்பள்ளி ஆசிரியை)

வணக்கம். ஜப்பானியர் மே 5 ஆம் திகதி சிறுவர் தினத்துக்காகக் கம்பத்தில் ஏற்றும் ‘கொய்நொபொரி’ என்னும் கெண்டை மீன் பட்டங்களை எமது தோட்ட முன்பள்ளிப் பிள்ளைகள் 18 பேருடன் டிசு கடதாசியில் செய்தோம். கட்டித் தொங்கவிட்டதும் வாய் ஒடுங்கி, நூல் முறுக்கேறி, மீன்கள் வாடிய வாழையிலை போலத் தொங்குகின்றன. பின்னேரம் மூடுபனி இறங்கினால் கிழிந்தும் விடுகின்றன. வாலில் ஓட்டை இருந்தால் காற்று முழுவதும் ஒழுகிவிடும் என்று ஒரு பிள்ளை சொன்னதால், வாலை ஒட்டி மூடியிருக்கிறோம். எங்கே தவறினோம்?

பதில் 1 (பண்டாரவளை)

அந்தப் பிள்ளையின் ஐயம் நியாயமானதே, ஆனால் வாலைத் திறந்துவிடுங்கள். நூல் பிடித்து ஏற்றும் நமது பட்டத்தைப் போன்றதன்று இது. விமான நிலையங்களில் காற்றின் திசை காட்டும் துணிக்குழாயின் இனத்தைச் சேர்ந்தது. அகன்ற வாயால் நுழையும் காற்று ஒடுங்கிய வாலால் வெளியேறிக்கொண்டே இருப்பதால்தான் உடல் உப்பி நீந்துகிறது. வாயின் அகலத்தில் ஏறக்குறைய பாதியை வாலுக்கு விட்டால் போதும். வாய் ஒடுங்குவதைத் தடுக்க, மூங்கில் சிம்பையோ மெல்லிய கம்பியையோ வளையமாக்கி விளிம்புக்குள் வைத்து மடித்து ஒட்டுங்கள். வளையத்தில் சம இடைவெளியில் மூன்று நூல்களைக் கட்டி ஒரே முடிச்சில் சேர்த்து, அந்த முடிச்சைத் தூண்டிலில் பூட்டும் சுழலி ஒன்றில் மாட்டினால் முறுக்கு ஏறாது. கம்பத்தை மின்கம்பிகளுக்கு அருகில் நாட்ட வேண்டாம்.

பதில் 2 (தலவாக்கலை)

முன்னவர் சொன்னது சரி. கடதாசியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஜப்பானியரின் பழைய மீன்கள் ‘வாஷி’ என்னும் கைவினைத் தாளில் செய்யப்பட்டவை. ‘கோசோ’ என்ற செடியின் பட்டையிலுள்ள நீண்ட நார்கள் பின்னிக் கிடப்பதால் அது இலேசாகவும் உறுதியாகவும் இருக்கும். டிசுவுக்கு அந்த வலிமை கிடையாது. வெசாக் விளக்குக் கூட்டில் அசையாமல் இருக்கும்வரைதான் அதற்கு அழகு. கொப்பிகளுக்கு உறை போடும் பிரவுண் பேப்பரை உடலுக்கு எடுத்து, டிசுவைச் செதில்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். (சீமெந்துப் பைத் தாள் இன்னும் உறுதியானது என்றாலும், அதன் தூசு சிறு கைகளுக்கும் கண்களுக்கும் ஆகாது.) குழாயாகச் சுருட்டுமுன், தாள் தட்டையாக இருக்கும்போதே செதில்களை வாலிலிருந்து தொடங்கித் தலையை நோக்கி, கூரை ஓடு வேய்வதைப் போல, ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு ஒட்டினால் காற்று அவற்றைப் பெயர்க்காது. மாப்பசையை வால் பக்கம் தாராளமாகப் பூசிவிடாதீர்கள். கனத்தால் வால் தொங்கிவிடும். மழைக்குத் தாக்குப்பிடிக்கும் தாள் எதுவும் எனக்குத் தெரியாது. ஜப்பானிலும் இன்று பெரும்பாலானவை செயற்கை இழைத் துணியில்தான் செய்யப்படுகின்றன. காலையில் ஏற்றி, பின்னேர மழைக்கு முன் இறக்கிவிடுவதே நல்லது.

பதில் 3 (நுவரெலியா)

எல்லா மீனையும் ஒரே நிறத்தில் செய்துவிடாதீர்கள். மேலே பல நிற நாடாக்கள், அதன்கீழ் பெரிய கறுப்பு மீன், பின் சிவப்பு, பின் சிறிய நீலம் என்பதே வழக்கமான வரிசை. கறுப்பைத் தந்தையாகவும் சிவப்பைத் தாயாகவும் சிறியவற்றைப் பிள்ளைகளாகவும் இன்று கொள்கிறார்கள். முற்காலத்தில் இது ஆண்பிள்ளைகளுக்கான விழாவாகவே இருந்தது; 1948 இல்தான் எல்லாச் சிறுவர்களுக்குமான பொது விடுமுறை நாளாயிற்று. அருவியை எதிர்த்தேறிய கெண்டை டிராகனாக மாறியது என்ற சீனக் கதையே இதற்கு வேர். சென் கிளேயர் அருவியைப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தக் கதையை நீங்கள் விளக்கவே தேவையில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று ஒரு மீனின் வாலை மட்டும் வெட்டித் திறந்து, வாய்க்குக் கம்பி வளையமும் வைத்துப் பார்த்தோம், உடனே நிரம்பிவிட்டது. ஓட்டை கூடாது என்று சொன்ன பிள்ளை, மீதி 17 வால்களையும் தானே வெட்டுவேன் என்று கத்தரிக்கோலை விடாமல் நிற்கிறாள்.