முதல் குதிரை வாங்கப் பார்க்கப் போன இடத்தில் இன்னும் மனதை அரிக்கும் ஒரு விஷயம்: உங்கள் அனுபவங்கள்

குளம்பொலி:
7 வயதுப் பெண் குதிரை, சாது, புதிதாக ஏறுகிறவருக்கு ஏற்றது என்றார்கள். போனேன். நான் போய்ச் சேரும்போதே சேணம் கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஏறினேன். நட என்றால் நடந்தது, நில் என்றால் நின்றது. இறங்கியதும் சேணத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். துணி சொதசொதவென்று ஈரம். நான் ஏறியிருந்தது கொஞ்ச நேரம், அதுவும் வெறும் நடை. வயிற்றுவார் ஓரத்தில் பழைய வியர்வை வெள்ளையாக உப்புப் பூத்துக் காய்ந்திருந்தது. "இன்றைக்கு யாராவது ஏறினீர்களா?" என்று கேட்டேன். "இல்லையே, இப்போதுதான் லாயத்திலிருந்து அவிழ்த்து வந்தோம்" என்றார் விற்பவர். முன்னாலேயே ஓட்டிக் களைக்க வைத்துவிட்டு 'சாது' என்று காட்டுகிறார்களோ என்று தோன்றியது.

வாங்காமல் வந்துவிட்டேன். ஆனால் எனக்கு அடுத்துப் பார்ப்பதற்கு ஒரு சிறுமி காத்திருந்தாள், புத்தம்புதுத் தலைக்கவசத்தோடு. அவள் அப்பாவிடம், "சார், இன்னொரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, சேணம் கட்டுவதிலிருந்து பாருங்கள்" என்றேன். தலையாட்டினார். அன்றே வாங்கிவிட்டாரா? அது தெரியாமல்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

செவலை:
எனக்கு உறுத்தியது உதடு. கீழுதடு தொங்கிக் கிடந்தது, தலை தாழ்ந்திருந்தது, கண் பாதி மூடியிருந்தது. பின்னால் ஏதோ தகரம் தடாலென்று விழுந்தது. நாங்கள் எல்லோரும் திடுக்கிட்டோம், குதிரை காதைக்கூடத் திருப்பவில்லை. "பார்த்தீர்களா, என்ன நிதானம்!" என்றார் விற்பவர். சத்தம் வந்த பக்கம் ஒரு காதாவது திரும்பாத குதிரை உண்டா? மயக்க மருந்து கொடுத்திருப்பார்களோ என்று தோன்றியது. பிறகு ஒருநாள் சொல்லாமல் போனேன். அதே குதிரையைத் திடலில் பிடிக்க மூன்று பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பழைய லாடம்:
குளம்பொலி, ஈரத்தை வைத்து ஏமாற்று வேலை என்று முடிவு கட்டுவது சரியில்லை. நானும் குதிரை விற்றிருக்கிறேன். முன்பின் தெரியாதவர் ஏறப் போகிறார் என்றால், முதலில் என் ஆள் ஏறிப் பார்ப்பான், இல்லாவிட்டால் நீளக் கயிற்றில் கட்டி நாலு வட்டம் ஓடவிடுவோம். வருகிறவர் விழுந்துவிடக் கூடாது என்பதற்குத்தான். வெயில் நாளில் சேணத்தோடு சும்மா நின்றாலே வியர்க்கும்.

எனக்கு முதல் குதிரை விற்றவர் என்னைத்தான் சோதித்தார். நான் ஆசைப்பட்டது ஒரு 4 வயதுக் கறுப்பு. "நாலு குளம்பையும் தூக்கிச் சுத்தம் பண்ணிக் காட்டுங்கள்" என்றார். பின்னங்காலைத் தூக்கினேன், அது உதறியது, விட்டுவிட்டேன். "இது உங்களுக்கு வேண்டாம். இதற்கும் ஒன்றும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. யார் யாருக்குச் சொல்லித் தருவது?" என்று சொல்லி, மூலையில் நின்ற 14 வயதுக் குதிரையைக் காட்டினார். அன்று எனக்கு வந்த கோபம்! விலை பேசிவிட்டு விற்க மாட்டேன் என்கிற வியாபாரியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்த 14 வயதுதான் எனக்குச் சவாரி கற்றுத் தந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25 வயதைத் தாண்டி வாழ்கிற பிராணி, 14 ஒன்றும் கிழம் இல்லை.

கடிவாளம்:
என் கதை சின்னது. வாங்குவதற்கு முன் பரிசோதிக்க வந்த கால்நடை மருத்துவர் முன்னங்காலை மடக்கி ஒரு நிமிடம் பிடித்திருந்துவிட்டு, உடனே ஓட்டச் சொன்னார். அதுவரை அழகாக நடந்த குதிரை அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் தலையை மேலே தூக்கியது, அந்தக் காலில் வலி. ஒன்றிரண்டு அடி என்றால் பரவாயில்லை, திடலின் கடைசி வரை அப்படியே ஓடியது. விற்பவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

அதனால் சொல்கிறேன், மருத்துவர் பார்க்காமல் வாங்காதீர்கள். அதுவும் விற்பவருக்கு வழக்கமாகப் பார்க்கிறவர் வேண்டாம், உங்கள் ஆளாக இருக்கட்டும். ஓய்வாக நிற்கும்போது இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். ஓடவிட்டு மறுபடி கேட்கச் சொல்லுங்கள். கண்ணை இருட்டில் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். கெட்டித் தரையில் நேராகவும், சின்ன வட்டத்தில் இரண்டு பக்கமும் ஓட்ட வேண்டும். மெத்தென்ற மணலில் தெரியாத நொண்டல் அங்கே தெரிந்துவிடும். பல்லைப் பார்த்து வயது சொல்வதெல்லாம் 10 வயதுக்கு மேல் உத்தேசம்தான், தோலுக்கடியில் வைத்திருக்கும் அடையாளச் சிப்பின் எண்ணையும் குதிரையின் அடையாளக் காகிதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

செவலை, நீங்கள் பார்த்த மாதிரி இடத்துக்கு ஒரு வழி இருக்கிறது. பரிசோதனை அன்றே ரத்தம் எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லலாம். உடனே சோதிக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்த சில வாரங்களில் குணம் மாறினாலோ நொண்டினாலோ, அன்று உடம்பில் மயக்க மருந்தோ ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலி மருந்தோ இருந்ததா என்று அந்த ரத்தத்தில் பார்த்துவிடலாம். ரத்தம் எடுக்க விற்பவர் சம்மதிக்கவில்லையா, அங்கிருந்து கிளம்புங்கள்.

குளம்பொலி:
பழைய லாடம் அண்ணா, முதலில் ஏறிப் பார்த்ததை நான் குறை சொல்லவில்லை. "காலையில் ஓட்டினோம், உங்கள் பாதுகாப்புக்குத்தான்" என்று அவர் சொல்லியிருந்தால் நான் நன்றி சொல்லியிருப்பேன். நேராகக் கேட்டேன், இல்லை என்றார். அப்புறம் அவர் சொன்ன வயது, பழக்கம், நோய் எதை நம்புவது?

புல்வெளி:
எங்களுடையதில் எல்லாப் பரிசோதனையும் சுத்தம். வீட்டுக்கு வந்த முதல் இரவு ஆரம்பித்தது. விடியும் வரை கத்தல். வேலியோரமாகவே போய்ப் போய் வந்து புல் தேய்ந்து தடம் விழுந்துவிட்டது. போட்ட புல்லைத் தொடவில்லை. விற்றவரைக் கூப்பிட்டால், "அது குட்டியிலிருந்து தனியாக இருந்ததே இல்லை" என்கிறார், ஏதோ சின்ன விஷயம் போல! துணைக்கு ஒரு வயதான மட்டக் குதிரை வந்த பிறகுதான் புல்லில் வாய் வைத்தது. மந்தையில் வாழ்கிற பிராணி இது. கடிவாளம் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மற்றக் குதிரைகள் கண்ணில் படாத இடத்துக்கு அதை மட்டும் நடத்திக்கொண்டு போய்க் காட்டச் சொல்லுங்கள்.

பழைய லாடம்:
சரி குளம்பொலி, அவர் 'இல்லை' என்று சொன்னதை நான் கவனிக்காமல் படித்துவிட்டேன். அப்படியென்றால் நானும் திரும்பித்தான் வந்திருப்பேன். அந்தச் சிறுமியின் அப்பா இதைப் படிக்க நேர்ந்தால், குதிரை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.