புயலில் ஹைட்ரேஞ்சியா எல்லாம் சாய்ந்துவிட்டது, வாடகை வீடு, சனிக்கிழமை வீட்டுக்கார அம்மா வருகிறார்

புதுக்குடித்தனம்

அனைவருக்கும் வணக்கம். அவசரமாக ஓர் உதவி வேண்டும். இந்த நாட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. நேற்று இரவு அடித்த புயலில் வாசல் பக்கம் இருந்த ஹைட்ரேஞ்சியா செடிகள் எல்லாம் நாசமாகிவிட்டன. சில ஒடிந்து தொங்குகின்றன, சில அப்படியே தரையில் படுத்துவிட்டன. சாவி கொடுத்த அன்றைக்கே வீட்டுக்கார அம்மா என்னைத் தனியாகக் கூட்டிப்போய் இந்தச் செடிகளைக் காட்டி, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஒப்பந்தத்திலும் தோட்டம் எங்கள் பொறுப்பு என்றுதான் இருக்கிறது. சனிக்கிழமை அவர் வீட்டைப் பார்க்க வருகிறார். எல்லாவற்றையும் அடியோடு வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்குமா? இல்லை, புதுச் செடி வாங்கி வைத்துவிடலாமா? வைப்புத்தொகை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கணவர் வேலைக்குப் போய்விட்டார், வீட்டில் நான் மட்டும்தான். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

அட்டைப்பெட்டி

சகோதரி, செடி பற்றி எனக்குத் தெரியாது, வைப்புத்தொகை பற்றித் தெரியும். எதையும் தொடுவதற்கு முன்னால் படம் எடுங்கள். தெருவில் விழுந்து கிடப்பவை, பக்கத்து வீட்டு வேலி என்று எல்லாம் தெரிகிற மாதிரி எடுங்கள். புயலால் ஆனது, உங்கள் கவனக்குறைவால் ஆனது இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. இன்றைக்கே வீட்டுக்கார அம்மாவுக்கு அந்தப் படங்களோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினாலும் பிறகு எழுத்தில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

நாங்கள் வந்த புதிதில் இருந்த வீட்டில், குடிபோகும் முன்பே தரைவிரிப்பில் இருந்த ஒரு கறைக்கு எங்கள் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எங்களிடம் படமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. கையில் இருந்த காசெல்லாம் அடுத்த வீட்டு முன்பணத்துக்குப் போய், அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரே ஒரு அறையில்தான் ஹீட்டர் போட்டோம். குழந்தைகளும் நாங்களும் அந்த ஓர் அறையிலேயே படுத்தோம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வடக்குச்சாளரம்

பயப்படாதீர்கள். ஹைட்ரேஞ்சியா அவ்வளவு சுலபத்தில் சாகாது. தரையிலிருந்து ஒரு முழம் விட்டு எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருடமும் குளிர்காலக் கடைசியில் அப்படித்தான் வெட்டுகிறேன். வசந்தத்தில் குபுகுபுவென்று தளிர் வந்து, கோடையில் தலைகொள்ளாமல் பூக்கும். பிப்ரவரிதான் அதற்குச் சரியான மாதம்.

ஈரமண்

தயவுசெய்து அப்படி வெட்டாதீர்கள்! எங்கள் வீட்டுச் செடிகளைக் கூலிக்கு வந்த ஒருவர் ஒரு வசந்தத்தில் ஒட்ட வெட்டிவிட்டுப் போனார். அந்த வருடம் முழுவதும் இலைதான், ஒரு பூகூட இல்லை. ஒடிந்ததை மட்டும் எடுத்தால் போதும். அப்புறம், பிப்ரவரி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். நான் தென் அரைக்கோளத்தில் இருக்கிறேன். எங்களுக்கு அது கொளுத்தும் கோடை.

வடக்குச்சாளரம்

நான் பல வருடங்களாக வெட்டுகிறேன், பல வருடங்களாகப் பூக்கிறது. கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்கிறேன்.

இரவுப்பணி

நீங்கள் தனியாக இருப்பதாக எழுதியதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் வந்த புதிதில் முதல் புயல் அடித்தபோது மின்சாரம் போய்விட்டது. எங்கே கேட்பது, யாரைக் கூப்பிடுவது, எதுவுமே தெரியாது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. கோட்டுக்கு மேல் கோட்டு போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கே உங்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். செடிக்காக இல்லாவிட்டாலும் உங்களுக்காகத் தட்டுங்கள். தோட்டக் கத்தரி ஒன்று இரவல் கேட்டால் அதுவே பேச்சைத் தொடங்கி வைக்கும்.

அட்டைப்பெட்டி

உண்மைதான். ஆனால் புயலுக்கு மறுநாள் உதவிக்கு ஆள் கிடைப்பது பெரும்பாடு. தோட்ட வேலைக்காரர்கள் தொலைபேசியை எடுப்பதே இல்லை. எடுத்தாலும் வந்து பார்த்துவிட்டு மதிப்பீடு அனுப்புவதாகச் சொல்வார்கள். பிறகு சத்தமே இருக்காது.

இரவுப்பணி

காப்பீட்டுக்காரர்களும் அப்படித்தான். கூரை ஓடு பறந்ததற்கு நான் எத்தனை படிவம் நிரப்பினேன் தெரியுமா? கடைசியில் தோட்டமும் வேலியும் இதில் சேராது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

ஈரமண்

வாடகைக்கு இருப்பவர்கள் தலையில் எல்லாவற்றையும் கட்டுவதுதான் எனக்கு ஆறவில்லை. செடி எந்த வகை, எப்போது கவாத்து செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன? புதிதாக வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

இலைக்கணு

எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பெண் சனிக்கிழமைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

வடக்குச்சாளரம், ஈரமண், நீங்கள் இருவர் சொல்வதும் சரிதான். உங்கள் இருவர் வீட்டிலும் இருப்பது வேறு வேறு செடி, அவ்வளவுதான். கூம்பு மாதிரி நீண்ட பூங்கொத்து விடும் பேனிகுலேட்டா வகையும், பெரிய வெள்ளைப் பந்தாகப் பூக்கும் ஆர்போரெசென்ஸ் வகையும் அந்த வருடம் வரும் புதுத் தளிரில்தான் பூக்கும். குளிர்காலக் கடைசியில் ஒட்ட வெட்டினாலும் கோடையில் பூ வந்துவிடும். 'அனபெல்' என்று விற்கிறார்களே, அது இந்த இரண்டாவது வகை. ஆனால் கெட்டியான, பளபளப்பான பெரிய இலையோடு நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ பூக்கும் மேக்ரோஃபில்லா வகையும், ஓக் மர இலை மாதிரி மடல் மடலாக இலை விடும் வகையும் பழைய தண்டில் பூப்பவை. கோடைக் கடைசியிலிருந்து இலையுதிர் காலத்துக்குள் அடுத்த வருட மொட்டு உள்ளே உருவாகிவிடும். அதற்குப் பிறகு வெட்டினால் செடி சாகாது, பூதான் போகும். இரண்டு வகைத் தண்டிலும் பூக்கும் ரகங்களும் இப்போது நிறைய வந்திருக்கின்றன.

புதுக்குடித்தனம், இவற்றைச் சொல்லுங்கள் அம்மா. உங்கள் ஊரில் இப்போது என்ன பருவம்? பூவும் இலையும் எப்படி இருந்தன? எதுவாவது வேரோடு பெயர்ந்திருக்கிறதா? மண்ணில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா? கடற்கரைக்குப் பக்கமா?

பதில் எழுதும் முன்பே ஒரு வேலை செய்துவிடுங்கள். வேர் வெளியே தெரிந்தால் உடனே ஈரச் சாக்கோ பழைய துண்டோ போட்டு மூடுங்கள். மெல்லிய வேர்கள் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஒடிந்த கிளை நாளைக்குக் காத்திருக்கும், வேர் காத்திருக்காது.

புதுக்குடித்தனம்

மன்னிக்கவும், பதற்றத்தில் எதையுமே சொல்லாமல் விட்டுவிட்டேன். இங்கே கோடை முடியப்போகிறது. மொத்தம் நான்கு செடிகள். இரண்டு நீலப் பூ, இலை கெட்டியாக இருக்கும். ஒன்றில் நிறைய தண்டுகள் ஒடிந்திருக்கின்றன. இன்னொன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து வேர் தெரிகிறது (துண்டு போட்டுவிட்டேன்). மூன்றாவது வெள்ளைப் பந்துப் பூ, ஒடியவில்லை, எல்லாம் தரையில் படுத்திருக்கின்றன. நான்காவது எது என்று தெரியவில்லை. பக்கத்து மரக்கிளை ஒன்று ஒரு கம்பியோடு சேர்ந்து அதன் மேல் விழுந்து கிடக்கிறது. கிளையை இழுத்துப் போட்டுவிட்டுப் பார்க்கிறேன். தண்ணீர் தேங்கவில்லை, ஆனால் மண் சொதசொதவென்று இருக்கிறது. கடல் தூரம்.

இலைக்கணு

கிளையைத் தொடாதீர்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். அது மின்கம்பியா தொலைபேசிக் கம்பியா என்று பார்க்கக்கூட கிட்டே போக வேண்டாம். அறுந்த கம்பியில் மின்சாரம் இருந்தால் ஈர மண்ணிலும் பச்சைக் கிளையிலும் அது பாயும். குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். உங்கள் பகுதி மின் விநியோகத்தின் அவசர எண் மின்கட்டண ரசீதிலேயே இருக்கும். இப்போதே கூப்பிடுங்கள். மற்ற மூன்று செடிகளும் அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் இருந்தால் அவையும் காத்திருக்கட்டும்.

வடக்குச்சாளரம்

ஆமாம் தங்கச்சி, முதலில் அதைச் செய்யுங்கள். நான் சொன்ன வெட்டு உங்கள் நீலச் செடிகளுக்கு வேண்டாம். எங்கள் வீட்டில் இருப்பது கூம்புப் பூ.

புதுக்குடித்தனம்

வந்து எடுத்துவிட்டார்கள். தொலைபேசிக் கம்பிதானாம், ஆனாலும் கூப்பிட்டது நல்லது என்று சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் வெளியே வந்தார், கத்தரியும் மண்வெட்டியும் அவரே தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான்காவது செடி கூம்பு மாதிரிப் பூ. இரண்டாகப் பிரியும் கவட்டில் ஒரு கிளை பிளந்திருக்கிறது. வீட்டுக்கார அம்மாவுக்கும் படங்களோடு எழுதிவிட்டேன். "ஒடிந்ததை வெட்டலாம், மற்றதை நான் வந்து பார்க்கிறேன்" என்று பதில் போட்டார்.

இலைக்கணு

நல்ல காலம். இப்போது வரிசையாகப் போவோம்.

முதலில் வேர் தெரியும் நீலச் செடி. பெரியவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தனியாகத் தூக்க வேண்டாம். பெயர்ந்த பக்கத்தின் கீழே குழியைக் கொஞ்சம் தளர்த்தி, நசுங்கிய வேர்களை மட்டும் சுத்தமாக வெட்டிவிட்டு, செடியைத் தூர்ப்பக்கம் பிடித்து மெதுவாக நிமிர்த்துங்கள். கிளையைப் பிடித்து இழுத்தால் மிச்ச வேரும் அறும். முன்பு இருந்த அதே ஆழத்தில் வைத்து, மண்ணைத் தள்ளிக் கையால் அழுத்துங்கள். ஈர மண்ணைக் காலால் மிதித்தால் இறுகிப்போய் வேருக்குக் காற்றுப் போகாது. இரண்டு கழிகளை வேர்க்கட்டிக்கு வெளியே அடித்து, பழைய துணிக் கீற்றால் தளர்வாகக் கட்டி முட்டுக் கொடுங்கள். ஹைட்ரேஞ்சியா வேர் மேலாகவே பரவுவது, காற்றில் ஆடிக்கொண்டே இருந்தால் புது வேர் பிடிக்காது. வேர் போய்விட்டதே என்று ஈடுகட்ட நல்ல கிளைகளைக் கழிக்காதீர்கள். மறுபடி வேர் விட அந்த இலைகள்தான் உணவு தரும்.

அடுத்து, தண்டு ஒடிந்த நீலச் செடி. ஒடிந்த இடத்துக்குக் கீழே, எதிரெதிராக ஜோடி மொட்டுத் தெரியும் நல்ல கணுவைப் பாருங்கள், அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். பிளவு கீழ்நோக்கி ஓடியிருந்தால் அது முடியும் இடத்துக்கும் கீழே வெட்ட வேண்டும். உயிர் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் நகத்தால் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கத்தரியை ஆல்கஹாலால் துடையுங்கள். வெட்டிய இடத்தில் பெயின்ட், மெழுகு எதுவும் வேண்டாம், செடி தானே மூடிக்கொள்ளும். கிழிந்த இலைகளை விட்டுவிடுங்கள், பாதி இலையும் வேலை செய்யும். வெட்டிய தண்டுகளில் அடுத்த வருடப் பூ குறையும், அதை வீட்டுக்கார அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெள்ளைப் பந்துச் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பூ மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும், மெல்லிய தண்டு பாரம் தாங்காமல் படுத்துவிடும். மெதுவாக உதறுங்கள். அப்படியும் நிமிராத தண்டுகளில் பூவை மட்டும் வெட்டி வீட்டுக்குள் ஜாடியில் வையுங்கள். மிச்சத்தைச் சுற்றி நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டினால் போதும்.

கூம்புப் பூச் செடியில் பிளந்த கிளையைக் கட்டி ஒட்டவைக்கப் பார்க்க வேண்டாம். கவட்டில் பிளந்தது அடுத்த காற்றில் மறுபடி பிளக்கும். அடிக்குப் போகும் இடத்தில் சுத்தமாக எடுத்துவிடுங்கள். குளிர்காலக் கடைசியில் வடிவம் பார்த்து வெட்டிக்கொள்ளலாம், வடக்குச்சாளரம் சொன்ன முறை இந்தச் செடிக்குத்தான்.

புதுச் செடி வாங்கி வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பழைய தூர் திரும்பத் துளிர்க்கும் வேகத்துக்குப் புதுச் செடி ஈடுகொடுக்காது.

ஈரமண்

ஒடிந்த தண்டுகளைக் குப்பையில் போடும் முன்னால் பூ விடாத நல்ல நுனிகளைத் தனியாக எடுத்து வையுங்கள். 10 முதல் 15 செ.மீ. நீளம், கணுவுக்குக் கீழே வெட்டு. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இருக்கும் இரண்டு இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈர மணலும் தென்னை நார்த்தூளும் கலந்த தொட்டியில் நடுங்கள். மேலே ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பை. வெயில் நேரடியாகப் படாத வெளிச்சமான ஜன்னல் ஓரம். ஒரு மாத வாக்கில் வேர் பிடிக்கும். எல்லாப் போத்தும் பிழைக்காது, நாலைந்து வையுங்கள். தரையில் படுத்திருந்தும் அறாத கிளை இருந்தால் அதன் நடுவில் மண் போட்டு ஒரு கல்லை வைத்துவிடுங்கள், பதியன் தானாக வேர் விடும்.

அட்டைப்பெட்டி

உரம் ஏதாவது போட்டால் சீக்கிரம் தேறாதா? என் மனைவி கேட்கிறார், எங்கள் வீட்டிலும் ஒன்று சாய்ந்திருக்கிறது.

இலைக்கணு

இப்போது வேண்டாம். அடிபட்ட வேரால் உரத்தை எடுக்க முடியாது. அப்படியே எடுத்தாலும் கோடைக் கடைசியில் வரும் இளந்தளிர் முதல் பனியிலேயே கருகிவிடும். வசந்தத்தில் துளிர் கண்ட பிறகு கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள்.

புதுக்குடித்தனம்

நிமிர்த்திக் கட்டிவிட்டோம். ஆனால் அந்தச் செடி மத்தியானம் முழுக்க வாடித் தொங்குகிறது. தண்ணீர் ஊற்றட்டுமா? இன்னொன்று, வெட்டியதெல்லாம் வாசலில் குவிந்து கிடக்கிறது. என் பெண் குழந்தை தவழ்கிற வயது. நாளைக்கு எடுத்தால் போதுமா?

இலைக்கணு

குவியலை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஹைட்ரேஞ்சியா இலையிலும் மொட்டிலும் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. குழந்தையோ நாயோ பூனையோ மென்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். தோட்டக் கழிவுத் தொட்டியில் போட்டு மூடிவிட்டுக் கையைக் கழுவுங்கள். ஜாடியில் வைக்கும் பூவையும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

தண்ணீருக்கு, தூர்ப்பக்கம் விரலை முழுதாக மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் ஊற்ற வேண்டாம். வேர் பிடிக்கும்வரை வெயிலில் வாடத்தான் செய்யும், சாயங்காலம் நிமிர்ந்தால் கவலை இல்லை. உச்சி வெயிலுக்கு மட்டும் ஒரு பழைய விரிப்பால் நிழல் கட்டுங்கள். காலையிலும் வாடியே இருந்து, மண்ணும் காய்ந்திருந்தால் மெதுவாக ஒரு வாளி ஊற்றுங்கள். மண் ஈரமாக இருந்தும் காலையில் வாடியிருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம், அப்போது தண்ணீரை நிறுத்திவிட்டு இங்கே படம் போடுங்கள். சொதசொதப்பு குறைந்ததும் காய்ந்த இலையோ மரப்பட்டைத் துண்டோ 5 செ.மீ. கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடம் விட்டு.