சேலத்தில் வீடு வாங்கும்போது அரசுப் பள்ளியை எந்த அளவுக்குக் கணக்கில் கொள்ள வேண்டும்?

கேள்வி: ஓசூரிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் ஓசூரில் பணிபுரிகிறோம். வரும் கோடை விடுமுறைக்குள் சொந்த ஊரான சேலத்துக்கே குடிபெயர்ந்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். மகள் தனியார் பள்ளியில் ஆங்கில வழியில் ஐந்தாம் வகுப்பும் மகன் ஒன்றாம் வகுப்பும் படிக்கிறார்கள். சேலத்தில் இருவரையும் அரசுப் பள்ளியில் சேர்ப்பது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. மாமனார் மட்டும் இன்னும் மெட்ரிக் பள்ளிகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வங்கிக் கடனையும் சேர்த்து 60 லட்சம் ரூபாய் வரை எங்களால் செலவிட முடியும். அந்தத் தொகைக்குள் இரண்டு இடங்கள் பிடித்திருக்கின்றன. ஒன்று, அழகாபுரத்தில் சற்றுப் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு படுக்கையறை வீடு. மற்றொன்று, அயோத்தியாப்பட்டணத்துக்கு அருகில் மூன்று சென்ட் மனையில் புதிதாகக் கட்டிய தனி வீடு. அங்கிருந்து மகன் நடந்தே போகக்கூடிய தொலைவில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. வீடு என்று பார்த்தால் இரண்டாவதுதான் எங்களுக்கு விருப்பம். ஆனால் நல்ல அரசுப் பள்ளி வேண்டுமென்றால் நகரத்துக்குள்தான் வாங்க வேண்டும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்ச்சி விழுக்காட்டை வைத்துப் பள்ளியின் தரத்தை முடிவு செய்துவிடலாமா? நல்ல அரசுப் பள்ளிக்குப் பக்கத்தில் வாங்கிய வீட்டைப் பிற்காலத்தில் விற்கும்போது அதற்காகக் கூடுதல் விலை கிடைக்குமா? மாநகராட்சி எல்லைக்கு வெளியே குடியிருந்தால் நகரத்துப் பள்ளிகள் சேர்க்கையை மறுக்குமா?

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அம்மாப்பேட்டை

அம்மா, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழகம் வகுத்த விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்று அரசுக்குத்தான் கடமை விதிக்கின்றனவே தவிர, அந்தத் தொலைவுக்கு அப்பால் போய்ப் படிக்கக் கூடாது என்று பிள்ளைக்குத் தடை எதையும் விதிக்கவில்லை. முகவரியைக் காட்டித் திருப்பி அனுப்பும் வழக்கம் இங்கே இல்லை. இடம் நிரம்பிவிட்டது என்று சொல்வார்கள், அது வேறு. கோட்டை அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிக்கு நகரத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் டவுன் பஸ்ஸில் மாணவிகள் வந்து இறங்குவதைப் பழைய பேருந்து நிலையத்தில் காலை எட்டரை மணிக்கு நின்றால் நீங்களே பார்க்கலாம்.

தேர்ச்சி விழுக்காட்டைப் பொறுத்தவரை, அதை நம்பி 60 லட்சத்தைப் போடாதீர்கள். மாநிலம் முழுவதற்குமான பிளஸ் டூ தேர்ச்சியே 2024இல் 94.56 விழுக்காடாகவும் 2025இல் 95.03 விழுக்காடாகவும் இருந்தது. 80 பேர் தேர்வு எழுதும் ஒரு பள்ளியில் நான்கு பேர் தவறினால் 95, இரண்டு பேர் தவறினால் 97.5, இந்த இரண்டு பிள்ளைகளின் வேறுபாட்டைத்தான் ஊரார் 'நல்ல பள்ளி', 'சுமாரான பள்ளி' என்று பிரிக்கிறார்கள். கணிதத்தையும் அறிவியலையும் எடுத்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பாதிக்கு மேல் மதிப்பெண் பெற்றவர்கள் எத்தனை பேர், கடந்த ஆண்டு கல்லூரிக்குப் போனவர்கள் எங்கெங்கே சேர்ந்தார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பதில் உடனே வருகிறதா, ஏட்டைத் தேட வேண்டியிருக்கிறதா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

மகளுக்கு நான் பார்க்கச் சொல்வது ஆசிரியர் பணியிடங்களைத்தான். ஆறு முதல் பத்து வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியர்களில் கணிதம், அறிவியல், ஆங்கிலம் ஆகிய மூன்றுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, இல்லையென்றால் எவ்வளவு காலமாக இடம் காலியாக இருக்கிறது, அந்த இடத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவின் வழியாகத் தற்காலிக ஆசிரியரையாவது நியமித்திருக்கிறார்களா என்பதைக் கேட்டு அறியுங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகையால் பள்ளி வாசலில் நிற்கும் தாய்மார்களில் யாராவது ஒருவர் உறுப்பினராக இருப்பார், அவரிடம் பேசினால் அலுவலக அறையில் கிடைக்காத தகவல் கிடைக்கும். மகள் ஆங்கில வழியில் படித்து வருவதால், ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிப் பிரிவு உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2012-13ஆம் கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் அது வளர்ந்து வந்தாலும் எல்லாப் பள்ளிகளிலும் இல்லை.

மகனுக்கு வேறு கணக்கு. தொடக்கப் பள்ளியில் மொத்தம் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள் போதும் என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அப்படியானால் ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டு நடத்துவார்கள். அவர்களில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மற்றவர் ஒருவரே எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லும் ஒன்றியப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நூற்றுக்கு மேல் இருந்தால், நடந்து போகும் தொலைவில் இருக்கும் அந்தப் பள்ளியை நான் விட மாட்டேன்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். பொது மாறுதல் கலந்தாய்வில் ஆசிரியர்கள் இடம் மாறுவார்கள், மாணவர் எண்ணிக்கை குறைந்தால் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பப்படுவார்கள், தலைமையாசிரியரும் ஓய்வு பெறுவார். வீட்டுக் கடனோ இருபது ஆண்டுகளுக்கு ஓடும். ஒரு தலைமையாசிரியரின் திறமையை நம்பி வீடு வாங்க வேண்டாம்.

பதில்: சேலத்தவர், இப்போது நியூ ஜெர்சி

உறவினர்கள் சொல்லும் அறிவுரையில் பாதி இங்கிருந்து போனது என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்களோ அதை வைத்தே பிள்ளை எந்த அரசுப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பது தீர்மானிக்கப்படுகிறது. பள்ளிச் செலவில் கணிசமான பகுதி அந்த வட்டாரத்தின் சொத்து வரியிலிருந்து வருகிறது. எனவே பள்ளியின் தரம் வீட்டின் விலைக்குள்ளேயே ஏறிவிடுகிறது. பாஸ்டன் புறநகர்களில் பள்ளி எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் இருந்த வீடுகளை ஒப்பிட்டு 1999இல் சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர் வெளியிட்ட ஆய்வு, தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு உயர்ந்தால் அதற்காகப் பெற்றோர் வீட்டு விலையில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று கணக்கிட்டது.

சேலத்தில் அந்தக் கோடே கிடையாது. ஆசிரியருக்குச் சம்பளம் தருவது மாநில அரசு. அழகாபுரத்தில் வீட்டு வரி அதிகம் என்பதற்காக அங்குள்ள அரசுப் பள்ளிக்குக் கூடுதல் கணித ஆசிரியர் கிடைத்துவிட மாட்டார். எனவே நல்ல அரசுப் பள்ளிக்கு அருகில் வாங்கினால் விற்கும்போது கூடுதல் விலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் வாங்கும்போதும் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை, அது உங்களுக்கு லாபம்தான்.

பதில்: ஏற்காடு வாசி

மலையிலிருந்து பார்ப்பவனுக்கு இந்தக் கேள்வி வேறு விதமாகத் தெரிகிறது. எங்கள் பகுதியில் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் சாதாரண அரசுப் பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் உங்கள் கிராமத்துக்கு அருகிலுள்ள பள்ளியில் ஓர் ஆசிரியர் இல்லையென்றால் அடுத்த பள்ளிக்கு மாற்றிக்கொள்ள வழியில்லை. ஆசிரியர்களில் பலர் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறித்தான் நாள்தோறும் வருகிறார்கள், மழைக் காலத்தில் மண் சரிந்தால் அதுவும் நின்றுவிடும். பிளஸ் ஒன் வந்ததும் பிள்ளைகளைச் சேலத்தில் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்க வைக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம்.

ஆகையால் எந்தப் பள்ளி சிறந்தது என்று தேடுவதைவிட, வீட்டு வாசலிலிருந்து ஒரே பஸ்ஸில் எத்தனை மேல்நிலைப் பள்ளிகளுக்குப் போக முடியும் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று சரிப்படாவிட்டால் இன்னொன்று என்ற வசதி கீழே இருப்பவர்களுக்குத்தான் உண்டு. அந்தக் கணக்கில் அயோத்தியாப்பட்டணம் மோசமில்லை. ஆத்தூர் சாலையில் பஸ் ஓயாது.

பதில்: வீட்டுக் கடன் ஆலோசகர், கொண்டலாம்பட்டி

பணக் கணக்கை மட்டும் சொல்கிறேன். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 60 லட்சத்துக்குப் பத்திரம் பதிந்தால் அதற்கு மட்டும் 5 லட்சத்து 40 ஆயிரம் ஆகும். பள்ளி பிடிக்கவில்லை என்று மூன்று ஆண்டுகளில் வீட்டை விற்று வேறிடத்தில் வாங்கினால் இந்தத் தொகையை மறுபடியும் கட்ட வேண்டும், தரகுக் கூலி தனி. பள்ளியை மாற்றுவதற்கோ ஒரு மாற்றுச் சான்றிதழ் போதும். ஆகவே முதல் கல்வியாண்டை வாடகை வீட்டில் கழிப்பதுதான் மலிவான வழி.

சேலத்து மனை விளம்பரங்களில் 'பள்ளிக்கு மிக அருகில்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் தனியார் பள்ளியைக் குறிக்கும். நீங்கள் போகப் போவதில்லை என்றால் அதற்காக விலையைக் கூட்ட விடாதீர்கள். அழகாபுரத்து வீட்டைப் பொறுத்தவரை, பழைய கட்டடத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத நிலப் பங்கு, அதாவது எல்லா வீட்டாருக்கும் பொதுவான மனையில் உங்கள் பங்கு, எவ்வளவு என்று பாருங்கள். மறுவிற்பனையில் விலை பேசுவது அந்த நிலம்தான்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. தலைமையாசிரியர் ஐயாவிடம் இன்னும் ஒரு சந்தேகம். நகரத்துக்குள் அரசு உதவி பெறும் மகளிர் பள்ளி ஒன்றை மாமனார் இப்போது பரிந்துரைக்கிறார். கட்டணமும் குறைவு, பெயரும் நல்ல பெயர். அதையும் அரசுப் பள்ளி என்றே எடுத்துக்கொள்ளலாமா? அப்படியானால் அழகாபுரமே வசதி.

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அம்மாப்பேட்டை

படிப்பின் தரத்தில் அவற்றில் பல நல்ல பள்ளிகள்தாம். ஆனால் சலுகைகளில் வேறுபாடு உண்டு. மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 2021இலும் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. மாநகராட்சிப் பள்ளியும் பழங்குடியினர் நலப் பள்ளியும் அதற்குள் வரும், உதவி பெறும் பள்ளி வராது. உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உதவித் தொகையை 2024இல் உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தினார்கள், ஆனால் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கு மட்டுமே. உங்கள் மகளோ ஆங்கில வழி.

ஆகவே வரும் ஜூனில் ஆறாம் வகுப்பில் அவளை எங்கே சேர்க்கிறீர்கள் என்பதுதான் அவசரமான முடிவு. வீடு அடுத்த ஆண்டு வரை காத்திருக்கும். கொண்டலாம்பட்டி நண்பர் சொன்னபடி, பழைய பேருந்து நிலையத்துக்கு நேர் பஸ் உள்ள இடத்தில் வாடகைக்கு வாருங்கள். அம்மாப்பேட்டைப் பக்கம் பார்த்தால் அயோத்தியாப்பட்டணத்து மனையையும் அந்த ஒன்றியப் பள்ளியையும் அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிச் சேர்க்கையை மார்ச் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறார்கள். ஓசூர்ப் பள்ளி, கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடான எமிஸ் தளத்தில் இரு பிள்ளைகளின் பெயரையும் விடுவித்தால்தான் இங்கே ஏற்ற முடியும் என்பதால், அங்கே கட்டணப் பாக்கி ஏதும் இருந்தால் அதை இப்போதே தீர்த்துவிடுங்கள்.