டார்ட்மண்ட் வந்து ஆறு வாரம் ஆச்சு, இன்னும் ஒட்டவே இல்ல

கரூர்_பையன்:
மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனிக்கு செப்டம்பர் கடைசில வந்தேன். வந்து இறங்குனது சனிக்கிழமை ராத்திரி, மறுநாள் ஞாயிறு, இங்க கடையே திறக்க மாட்டாங்கன்னு யாரும் சொல்லல, அம்மா குடுத்துவிட்ட முறுக்கும் பருப்புப்பொடியும்தான் அன்னிக்கு மூணு வேளையும். அதெல்லாம் சிரிச்சிட்டே கடந்துட்டேன். ஃப்ளாட்ல மொத்தம் மூணு பேர், மத்த ரெண்டு பேரும் ஜெர்மன் பசங்க, கிச்சன்ல பாத்தா ஒரு 'ஹாலோ', அப்பறம் அவங்கவங்க ரூம் கதவு சாத்திரும். போன வாரம் நான் கடுகு தாளிச்சிட்டு இருக்கப்ப ஒருத்தன் வந்தான், ஜன்னல முழுசா திறந்துவிட்டான், ஒண்ணும் பேசாம போய்ட்டான். வெளில 4 டிகிரி. அன்னிலருந்து நான் ப்ரெட்டும் ஜாமும்தான் சாப்புடுறேன்.

அக்டோபர் கடைசில கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுனாங்கல்ல, இப்ப ஊருக்கும் இங்கயும் நாலரை மணி நேரம். லேப் முடிச்சு ஆறு மணிக்கு வந்து போன் எடுத்தா அங்க பத்தரை, அம்மா தூங்கிருக்காங்க. லோன் போட்டு அனுப்பிருக்காங்க, புடிக்கலன்னு எந்த வாயால சொல்றது. உங்களுக்கெல்லாம் எப்ப சரியாச்சு? அப்பறம் ஜெர்மன்ல நாலஞ்சு லெட்டர் வந்து கெடக்கு, பயமா இருக்கு, பிரிக்கல.

ஆஹன்_சீனியர்:
ப்ரோ மனசு கதை அப்பறம் பேசலாம், முதல்ல அந்த லெட்டர பிரிங்க. இன்னிக்கே. இந்த ஊரு தபால்லதான் ஓடுது. அட்ரஸ் ரெஜிஸ்டர் பண்ணிருப்பீங்கல்ல (வீடு மாறுன ரெண்டு வாரத்துக்குள்ள பண்ணணும்), அதுக்கப்பறம் டாக்ஸ் நம்பர் லெட்டர்ல வரும், அது இல்லாம பார்ட்-டைம் சேந்தா டாக்ஸ் கிளாஸ் 6ல போட்டு கன்னாபின்னான்னு புடிப்பாங்க. இன்னொண்ணு ரேடியோ டிவி கட்டணமா இருக்கும், மாசம் 18.36 யூரோ, டிவியே இல்லனாலும் கட்டணும், ஆனா வீட்டுக்கு ஒண்ணுதான். ஃப்ளாட்மேட் ஏற்கனவே கட்டுறான்னா அவனோட கட்டண நம்பர எழுதி அனுப்புங்க போதும். நான் இத குப்பைல போட்டேன், மாசக்கணக்கா சேந்து மொத்தமா வந்து நின்னுச்சு, அந்த மாசம் ப்ளாக்ட் அக்கவுண்ட்லருந்து (விசாவுக்காக முன்னாடியே போட்டு வைக்கிற பணம், மாசாமாசம் கொஞ்சம் வரும்) வந்த 992 யூரோல வாடகை இன்சூரன்ஸ் போக மிச்சத்த நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

அப்பறம் எக்ஸாமுக்கு போர்ட்டல்ல தனியா ரெஜிஸ்டர் பண்ணணும். கிளாஸ்க்கு போறோம்ல அதுவே போதும்னு இருந்துராதீங்க, கடைசி தேதி போச்சுன்னா கெஞ்சுனாலும் நடக்காது.

மழைக்கோட்டு:
ஜன்னல் மேட்டர்ல நீங்க தப்பா புரிஞ்சிட்டிருக்கீங்க தம்பி. அது கோவம் இல்ல. இங்க பனிக்காலத்துலயும் ஜன்னல முழுசா திறந்து அஞ்சு பத்து நிமிஷம் காத்து விடுவாங்க, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ, இல்லன்னா செவுத்துல பூஞ்சை புடிச்சு காலி பண்றப்ப டெபாசிட்ல கைவைப்பாங்க. என் வீட்டு ஓனரம்மா இதுக்குன்னே எனக்கு ஒரு கிளாஸ் எடுத்தாங்க. நீங்க தாளிங்க, தாளிச்சிட்டு நீங்களே திறந்துவிடுங்க, முடிஞ்சுது.

அவங்க பேசலன்னா புடிக்கலன்னு அர்த்தம் இல்ல, நம்மூர் மாதிரி சும்மா ரூமுக்குள்ள எட்டிப் பாக்குற பழக்கம் கிடையாது. நாள் நேரம் சொல்லி கூப்புடணும். "ஒருநாள் சாப்புடலாம்"னா காத்துல போயிரும், "வெள்ளிக்கிழமை ஏழு மணி"ன்னு சொல்லுங்க, சரியா 6.59க்கு கதவு தட்டுவாங்க 😄

எப்ப சரியாச்சுன்னு கேட்டீங்க. எனக்கு முதல் பனிக்காலம் பூரா சரியாகல, பொய் சொல்ல மாட்டேன். டிசம்பர்ல நாலரைக்கே இருட்டிரும், காலைல எட்டரை வரைக்கும் விடியாது, அது உடம்பையே அமுக்கும். வெளிச்சம் இருக்கப்ப அரை மணி நேரமாவது வெளில நடங்க. தூக்கம் சாப்பாடு ரெண்டும் போச்சுன்னா யூனில கவுன்சிலிங் இருக்கும், இங்கிலீஷ்ல பேசலாம், நான் போனேன், வெட்கப்படல. அம்மாக்கு காலைல ஏழு மணிக்கு கூப்புடுங்க, அங்க பதினொன்றரை, வேலைய முடிச்சு உக்காந்திருப்பாங்க.

ஹம்_அங்கிள்:
தம்பி, நான் யாழ்ப்பாணம், 89இல வந்தனான். அந்த நேரம் அகதி விண்ணப்பம் முடியும்வரை பக்கத்து ஊருக்குப் போறதுக்கே அனுமதி எடுக்கவேணும், அம்மாட குரலைக் கேக்க மாதக்கணக்காப் போகும். உம்மட கவலை சின்னன் எண்டு சொல்லேல்ல, தனிமை தனிமைதான். உம்மட செமஸ்டர் டிக்கெட்டில (மாணவர் பயணப் பாஸ்) நான் இருக்கிற ஹம் நகருக்கு வரலாம், ரீஜனல் ட்ரெயினில அரை மணித்தியாலம் வராது, ஐசிஇ எண்ட வேக ட்ரெயினில மட்டும் ஏறிப்போடாதையும். ஹம்மில ஊன்ட்ரொப் எண்ட இடத்தில காமாட்சி அம்மன் கோயில் இருக்கு, முதல்ல ஒரு வீட்டு நிலவறையிலதான் வச்சுக் கும்பிட்டது, 2002இல இப்ப இருக்கிற கோபுரத்தோட கும்பாபிஷேகம். சாமி நம்பிக்கை இல்லையெண்டாலும் வாரும், தமிழ் கதைக்கலாம், சோறும் கிடைக்கும்.

கரூர்_பையன்:
எல்லாத்துக்கும் நன்றி. லெட்டர் பிரிச்சேன், ரெண்டு ரேடியோ, ஒண்ணு டாக்ஸ் நம்பர், ஒண்ணு பேங்க் கார்டு பின் (அதத்தான் பத்து நாளா தேடிட்டிருந்தேன்). ரேடியோவ பத்தி கேக்கப்போய் அந்த ஜன்னல் பையன்கூட அரை மணி நேரம் பேசிட்டேன், அவனே ஃபார்ம் ஃபில் பண்ணிக் குடுத்தான். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ரெண்டு பேரும் சாப்புட வராங்க, புளிக்குழம்பு வைக்கலாம்னு இருக்கேன், அங்கிள் இங்க நல்ல புளி எங்க கிடைக்கும்?

ஹம்_அங்கிள்:
டார்ட்மண்டில வடக்குப் பகுதி நோர்ட்ஸ்டாட் பக்கம் போய் எங்கட ஆக்களிட கடையில கேளும். சனி இரவு போகாதையும், மறுநாள் ஞாயிறு 😀