நாலு கிலோ நாய்க்கு வீட்டிலேயே பச்சைக் கறி: எலும்பு இல்லாமல் கொடுக்கலாமா?

சிமிழ் வீடு கேட்டது:

வணக்கம். எங்கள் சிமிழுக்கு மூன்று வயது. சிவாவா கலப்பு, எடை 3.8 கிலோ. போன மாதத்திலிருந்து உலர்தீனியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் படுத்துவிடுகிறாள். முன்னங்கால் பாதத்தை ஓயாமல் நக்குகிறாள். கடைவாய்ப் பல்லில் மஞ்சளாகக் காரை ஏறியிருக்கிறது. பச்சைக் கறிக்கு மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று சில காணொளிகளில் சொன்னார்கள். ஒன்பது நாளாக எலும்பில்லாத கோழிக்கறியும் கோழி ஈரலும் பாதிக்குப் பாதி கலந்து கொடுக்கிறேன். வேளைக்கு 60 கிராம், நாளுக்கு இரண்டு வேளை. தட்டைத் துடைத்து வைத்ததுபோல் நக்கிவிடுகிறாள்.

மூன்று சந்தேகம். ஈரல் இவ்வளவு கொடுக்கலாமா? இவள் வாய் சின்னது, எலும்பு கொடுக்கப் பயமாக இருக்கிறது. எலும்பே வேண்டாம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? வீட்டில் இரண்டு வயதுப் பையன் இருக்கிறான், சிமிழ் அவன் முகத்தை நக்காத நாளே கிடையாது. அதனால் ஏதும் வருமா?

பொம்மியின் அம்மா எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்வியைப் படித்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். எலும்பும் இல்லை, அதற்கு ஈடாகச் சுண்ணாம்புச் சத்தும் இல்லை என்றால் அந்தச் சாப்பாட்டைத் தொடரவே வேண்டாம்.

பொம்மி எங்களிடம் வந்தபோது இரண்டரை மாதக் குட்டி, ஒரு கிலோகூட இல்லை. நல்ல கறியாகக் கொடுங்கள் என்று நாய் வளர்த்துப் பழகிய ஒருவர் சொன்னார். எலும்பு தொண்டையில் சிக்குமே என்று அதை ஒதுக்கியது நான்தான். கொழுப்பு நீக்கிய தனிக்கறி, ஏழு வாரம். பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாள், மயிர் மின்னியது. ஆறாவது வாரம் படியேற மாட்டேன் என்றாள். தூக்கினால் வீலென்று கத்தினாள். அடம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு மாலை என் மடியிலிருந்து தரைக்குக் குதித்தாள். நான் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன், ஒரு சாண் உயரம் இருக்குமா? இடது முன்னங்கால் மடங்கிவிட்டது.

மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும் இல்லையா? இவளுக்கு எலும்பும் சுற்றியிருந்த சதையும் ஒரே சாம்பல் நிறம். எலும்பின் விளிம்பு மட்டும் பென்சிலால் மெல்லக் கோடு இழுத்ததுபோல் இருந்தது. முறிந்த இடம் ஒன்றல்ல, மூன்று. இரண்டு எனக்குத் தெரியாமலே முறிந்து தானாக ஒட்டியிருந்தன. படியேற மறுத்தது அதனால்தான்.

அவர் சொன்ன விளக்கம் இது. 100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம், கால்சியம் வெறும் 10 மில்லிகிராம் அளவு. நாய்க்கு இந்த இரண்டும் சமமாகவோ, கால்சியம் சற்றுக் கூடுதலாகவோ வேண்டும். இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் வேலை செய்யாது. அதனால் கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து இரத்தத்துக்கு அனுப்பும். வெளியே ஒன்றும் தெரியாது. இரத்தப் பரிசோதனையில்கூடக் கால்சியம் சரியான அளவில் இருப்பதாகவே வரலாம்.

பொம்மி பிழைத்துக்கொண்டாள். முழுச்சத்து உள்ள குட்டித் தீனி, கூண்டுக்குள் ஆறு வாரம் ஓய்வு, அவ்வளவுதான் மருந்து. இப்போது ஒன்பது வயது. அந்தக் கால் கொஞ்சம் உள்பக்கம் வளைந்தே இருக்கும். தடவிக்கொடுக்கும்போதெல்லாம் என் விரல் அந்த வளைவில் போய் நிற்கும்.

சிமிழ் வளர்ந்த நாய், ஒன்பது நாளில் இப்படி ஆகாது. பெரிய நாய்க்கு இது மாதக்கணக்கில் மெதுவாக வரும். பெரும்பாலும் தாடை எலும்பில்தான் தொடங்கும், பல் ஆடும். பல்லுக்காக நீங்கள் தொடங்கிய உணவு பல்லையே ஆட்டிவிடக் கூடாது.

ஈரல் பாதி என்பதும் மிக அதிகம். ஈரலில் வைட்டமின் ஏ குவிந்திருக்கிறது. கூடுதலானது முழுவதும் வெளியே போகாது, உடம்பில் சேரும். மொத்த உணவில் 5 சதவீதம் போதும். உங்கள் 120 கிராமில் அது 6 கிராம், கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டு. சின்ன நாய்க்குச் சமைப்பதில் உள்ள கஷ்டமே இதுதான். 30 கிலோ நாய்க்கு ஒரு துண்டு கூடினால் ஒன்றுமில்லை. நம் பிள்ளைகளுக்கு அதே துண்டு பல நாள் பங்கு. கையளவு, கண்ணளவு எல்லாம் வேண்டாம், சமையல் தராசு வாங்குங்கள்.

துருவோடு நடப்பவன் எழுதியது:

நான் நாலு வருடமாகப் பச்சைக் கறிதான் கொடுக்கிறேன். என்னுடையது 5 கிலோ டெரியர். அக்கா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, அவர்கள் கொடுத்தது பாதி உணவுதான். முறையாகச் செய்கிறவர்கள் யாரும் தனிக்கறி கொடுப்பதில்லை. 1993-இல் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் இந்த முறையை ஊருக்குச் சொன்னபோதே எலும்பைத்தான் நடுவில் வைத்தார்.

பரவலாகச் சொல்லும் கணக்கு 80 பங்கு கறி, 10 பங்கு எலும்பு, 5 பங்கு ஈரல், 5 பங்கு மண்ணீரல் அல்லது சிறுநீரகம். சிமிழுக்கு நாளுக்கு 120 கிராம் என்றால் 96, 12, 6, 6. எலும்பை முழுசாகக் கொடுக்க வேண்டாம், பச்சையாகவே கறியோடு சேர்த்து நைசாக அரைத்துக் கொடுங்கள். துரு ஒரு தடவை கோழிக் கழுத்தை மெல்லாமல் அப்படியே விழுங்கிவிட்டான். அது உணவுக்குழாயில் நின்றுகொண்டது, எண்டோஸ்கோப் விட்டுத்தான் எடுத்தார்கள். டெரியர் வகைகளுக்கு இது அடிக்கடி நடப்பதுதான் என்றார் மருத்துவர். அன்றிலிருந்து அரைத்ததுதான். வேகவைத்த எலும்பை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள், அது சிம்பு சிம்பாக உடையும்.

எலும்பு கூடிவிட்டால் மலமே காட்டிக்கொடுக்கும். வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிரும், நாய் முக்கும். குறைந்தால் கருப்பாக இளகிப் போகும். ஈரல் கூடினாலும் அப்படித்தான். நான் தினமும் பார்ப்பேன்.

இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. துத்தநாகம், மாங்கனீசு, அயோடின், வைட்டமின் ஈ நாலும் கறியும் எலும்பும் மட்டும் கொடுத்தால் குறையும். முதல் வருடம் எனக்கு இது தெரியாது. துருவின் மூக்கோரம் தோல் தடித்து உரிய ஆரம்பித்த பிறகுதான், துத்தநாகம் போதவில்லை என்று கண்டுபிடித்தார்கள். இப்போது கால்நடை உணவியல் மருத்துவர் எழுதிக்கொடுத்த கலவைப் பொடியைக் கிராம் கணக்கில் சேர்க்கிறேன்.

ஆய்வக விளக்கு எழுதியது:

நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். குழந்தை பற்றிய கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

பச்சைக் கறியில் சால்மோனெல்லா, லிஸ்டீரியா, கேம்பைலோபாக்டர் இருக்கலாம். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை செய்த ஆய்வில், கடையில் விற்கும் 196 பச்சைச் செல்லப்பிராணி உணவு மாதிரிகளில் 15-இல் சால்மோனெல்லாவும் 32-இல் லிஸ்டீரியாவும் இருந்தன. நாய் நோய்வாய்ப்படாமலே அந்தக் கிருமியை மலத்தில் வெளியேற்றும். பின்புறத்தை நக்கிய அதே நாக்கால்தான் குழந்தையையும் நக்கும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் யாராவது வீட்டில் இருந்தால் பச்சைக் கறி வேண்டாம் என்பதே என் பதில்.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். குளிர் சில ஒட்டுண்ணிகளைக் கொல்லும், சால்மோனெல்லாவைக் கொல்லாது. கறியைக் கழுவினாலும் கிருமி போகாது, தெறிக்கும் நீரோடு மேடை முழுக்கப் பரவும். கோழி உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூடேற வேண்டும், வேறு வழி இல்லை.

நாய்க்கே வரும் ஒன்றையும் சொல்ல வேண்டும். மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் பின்னங்காலில் தொடங்கி மேலேறிக் கால்களைச் செயலிழக்க வைக்கும் ஒரு வகை வாத நோயை ஆராய்ந்தார்கள். அந்த நோய் வந்த நாய்களிடம் கேம்பைலோபாக்டர் தொற்று இருப்பதற்கான வாய்ப்பு மற்ற நாய்களைவிட 9.4 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். பச்சைக் கோழிதான், குறிப்பாகக் கழுத்துத் துண்டுகள், மூலமாக இருக்கலாம் என்று அவர்கள் சந்தேகித்தார்கள். சின்ன நாய்களுக்குப் பெரும்பாலும் கொடுப்பதும் கழுத்துத் துண்டுதானே.

சிமிழ் வீடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்றே ஈரலை நிறுத்திவிட்டேன். பையனை நினைத்து, பச்சையாகக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் உலர்தீனியை அவள் தொடவே மாட்டேன் என்கிறாளே. வேகவைத்துக் கொடுத்தால் எலும்பும் போடக் கூடாது. கால்சியத்துக்கு என்ன செய்வது அக்கா? பாதம் நக்குவது அப்படியேதான் இருக்கிறது.

பொம்மியின் அம்மா எழுதியது:

நல்ல முடிவு. நானும் இப்போது வேகவைத்துத்தான் கொடுக்கிறேன்.

முட்டை ஓடு இருக்கிறதே. கொதிநீரில் போட்டெடுத்து, காயவைத்து, மிக்சியில் மாவாக அரையுங்கள். விரலிடுக்கில் தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது, பவுடர் போல வழுக்க வேண்டும். ஒரு கிராம் பொடியில் சுமார் 380 மில்லிகிராம் கால்சியம். வீட்டோடு இருக்கும் 3.8 கிலோ நாய்க்கு நாளுக்கு 270 முதல் 300 கலோரி வரை தேவைப்படும், அதற்கு ஒரு கிராம் பொடி போதும். பயத்தில் கூடுதலாகப் போடாதீர்கள், கால்சியம் மிஞ்சினால் துத்தநாகம் உடம்பில் சேராது. நகைத் தராசு மாதிரி சின்னதாக ஒன்று வாங்கி அதில் நிறுங்கள்.

தோலையும் கொழுப்பையும் எடுத்துவிடுங்கள். கணைய அழற்சி சின்ன இனங்களை அடிக்கடி பிடிக்கும், கொழுப்பான ஒரு வேளையே போதும் அதைக் கிளப்ப. சாப்பிட்டபின் வாந்தி எடுத்து, முன்னங்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி வளைந்து நின்றால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை எந்த வடிவத்திலும் வேண்டாம். பூசணி, கேரட் வேகவைத்து மசித்துப் போடலாம். கிழங்கும் கொஞ்சம் சேர்க்கலாம். மாவுச்சத்துச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்கு நிறைய உண்டு.

ஆனால் இதெல்லாம் சில நாள் சமாளிக்கத்தான். 2013-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 வீட்டுச் செய்முறைகளைச் சோதித்தார்கள். 190-இல் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைவாக இருந்தது. அவற்றில் கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் உண்டு. அதனால் என் செய்முறையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தம்பி சொன்னது போல, கால்நடை உணவியல் படித்த ஒருவரிடம் சிமிழின் எடையும் வயதும் சொல்லி அவளுக்கென்றே எழுதி வாங்குங்கள்.

தீனியை ஒதுக்கியது பல் வலியாலும் இருக்கலாம். கடினமான உருண்டையை விட்டு மெத்தென்ற கறியை மட்டும் தின்கிறாள் என்றால் நான் முதலில் வாயைத்தான் பார்க்கச் சொல்வேன். அந்த மஞ்சள் காரைக்குக் கீழே, ஈறுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது பல் எக்ஸ்ரேயில்தான் தெரியும். எலும்பு கடிப்பதால் அது போகாது, தினமும் துலக்கிவிடுவதுதான் தடுக்கும். நாய்க்கான பற்பசை மட்டும்.

பாதம் நக்குவது உணவு ஒவ்வாமையாக இருந்தால், ஒவ்வாமை தரும் உணவுகளில் மாட்டிறைச்சி, பால் இவற்றோடு கோழியும் முன்வரிசையில் இருக்கிறது. கோழி கொடுத்தே அதைச் சரிசெய்யப் பார்ப்பது வீண். மருத்துவர் சொல்லும் ஒரே உணவை எட்டு வாரம் கொடுத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

இந்த வாரமே வாயைக் காட்டுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுதுங்கள்.

சிமிழ் வீடு எழுதியது:

அக்கா, இன்று காட்டினோம். வலது மேல்கடைவாய்ப் பல் வெடித்திருக்கிறது, வேரில் சீழ். திங்கட்கிழமை எடுக்கிறார்கள். அதுவரை நன்றாக மசித்த உணவு மட்டும். வாயை அழுத்திப் பார்த்தபோது கத்தாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக இந்த வலியோடு இருந்திருக்கிறாள்.