கடவுள் நம்பிக்கையில் முதல் சந்தேகம் உங்களுக்கு எப்போது வந்தது? கொங்கு நாட்டு அனுபவங்கள்

காங்கேயம் பக்கம், ஆசிரியை

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு மூன்று நாட்கள் எழுதாமலே இருந்தேன். ஒரு புத்தகம் படித்தேன், ஒரு கூட்டத்தில் பேச்சுக் கேட்டேன் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது என் வலது கை விரல்களால்.

1980. எனக்கு ஒன்பது வயது. அதற்கு முந்தைய ஆண்டுதான் எங்கள் பகுதியைக் கோயமுத்தூரிலிருந்து பிரித்துப் பெரியார் மாவட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் பழக்கத்தில் கோயமுத்தூர் மாவட்டம் என்று எழுதிவிட்டு, அடித்துத் திருத்திக்கொண்டிருந்த காலம். பெரியார் என்றால் யார் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த ஆவணியில் சின்ன அத்தைக்கு இரண்டு இடம் வந்தது. ஒன்று தாராபுரம் பக்கம், பத்து ஏக்கர் தோட்டம், இரண்டு கிணறு. இன்னொன்று ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுபவர். வீட்டில் பேசிப் பேசி முடிவாகவில்லை. "அம்மனிடம் வாக்குக் கேட்டுவிடலாம்" என்றார் அப்பாரு, என் தாத்தா.

பூவாக்கு கேட்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து, வாழை நாரில் கட்டி, குலதெய்வத்தின் முன்னால் வைப்பார்கள். இன்ன பூ வந்தால் இன்ன முடிவு என்று முன்பே மனத்தில் நினைத்துக்கொள்வார்கள். ஒரு குழந்தையைக் குளிக்க வைத்து அழைத்துப் போய், ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். குழந்தைக்குச் சூது தெரியாது, அதன் கை வழியாகத் தெய்வம் பேசும் என்பது நம்பிக்கை. கல்யாணத்துக்கும், கிணறு வெட்டுவதற்கும், வழக்குப் போடுவதற்கும்கூட இப்படிக் கேட்பார்கள்.

அன்று அந்தக் குழந்தை நான். காலையில் பூப் பறித்ததும் நான்தான். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்கு அரளி. நந்தியாவட்டையை ஒவ்வொன்றாகக் கிள்ளினேன். அரளியைக் கொத்தாக ஒடித்தேன். பால் வடிந்து விரலெல்லாம் பிசுபிசுத்தது. பூவரச இலையில் மடித்து வைத்தபோது இரண்டு பொட்டலமும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருந்தன. முதலில் இடது பக்கம் இருந்ததைத் தொட்டேன். இலைக்குள்ளிருந்து விறைப்பாக ஒரு காம்பு விரலில் குத்தியது. அரளி என்று தெரிந்துவிட்டது. சிவப்பு வந்தால் ஈரோடு, வெள்ளை வந்தால் தாராபுரம் என்பதும் எனக்குத் தெரியும். முதல் நாள் இரவு பெரியவர்கள் பேசியதைப் படுத்தபடி கேட்டிருந்தேன். தாராபுரத்துக்காரர் பெண் பார்க்க வந்தபோது எனக்கு ஒரு பொட்டலம் தேன் மிட்டாய் வாங்கி வந்திருந்தார். கையை எடுத்துவிட்டு அடுத்த பொட்டலத்தை எடுத்தேன்.

கோயிலே சிலிர்த்துப் போனது. "குழந்தை தொட்டதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தது பார்த்தீர்களா? அம்மனே கையைப் பிடித்துத் திருப்பினாள்" என்றார் பூசாரி. ஆத்தா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தை மாதம் கல்யாணம். மூன்றாம் வருடம், இடுப்பில் குழந்தையோடு அத்தை திரும்பி வந்தாள். முன்பல் ஒன்று இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடியபடியே பேசினாள். அவர் குடித்துவிட்டு அடிக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாரு வெகுநேரம் தலையைக் குனிந்திருந்தார். பிறகு, "அம்மன் கொடுத்த வாக்கம்மா. அதை மீறி நாம் என்ன செய்ய முடியும்?" என்றார். கண்ணில் நீர் நின்றது. கல்நெஞ்சக்காரர் இல்லை அவர். தானே பார்த்து முடித்த மாப்பிள்ளையாக இருந்திருந்தால், தப்புச் செய்துவிட்டேன், நீ இங்கேயே இரு என்று சொல்லியிருப்பார் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். தெய்வம் முடித்த இடத்தில் தப்புச் செய்தவர் என்று யாருமே இல்லை. அதனால் திருத்தவும் ஆள் இல்லாமல் போய்விட்டது. அத்தை மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் வெற்றிலை பாக்கு, பழத்தோடு திருப்பி அனுப்பினோம்.

பன்னிரண்டு வயதில் நான் இருட்டில் படுத்து யோசித்தது இதைத்தான். அம்மன் பேசினாள் என்றால், அந்தப் பல் போனதும் அவள் சம்மதத்தோடுதான். அவள் பேசவில்லை என்றால், அதைச் செய்தது நான். இரண்டில் எதை நம்பினாலும் தூக்கம் வராது.

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் சிவன்மலை தெரியும். அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். பூப்போட்டுக் கேட்டு, சரியென்று வந்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்தவர் கனவில் வேறு பொருள் வரும்வரை அது அங்கேயே இருக்கும். தண்ணீர் வைத்தார்கள், 2004-இல் சுனாமி வந்தது என்று இன்றும் சொல்வார்கள். மலையேறும்போதெல்லாம் அந்தப் பெட்டியின் முன்னால் நின்றிருக்கிறேன். பொருள் முதலில் வருகிறது, அர்த்தம் பிறகு வருகிறது. வெள்ளம் வந்திருந்தாலும், வறட்சி வந்திருந்தாலும், குடிநீருக்குச் சண்டை வந்திருந்தாலும் அதே தண்ணீர் பொருந்தியிருக்கும். பூசாரி என் கைத்தயக்கத்துக்கு அர்த்தம் சொன்னதும் இப்படித்தானே? பெட்டி முன்னால் கும்பிடும் மக்களை நான் குறைவாக நினைக்கவில்லை. நாளை என்ன வரும் என்று தெரியாதவர்கள் வேறு என்ன செய்வார்கள்? என் கை மட்டும் கூப்ப எழவில்லை.

2011-இல் அத்தையிடம் சொல்லிவிட்டேன். அவள் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான்கு எருமை வைத்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றியே இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்திருந்தாள். முறத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தவளிடம், காம்பு குத்தியதிலிருந்து தேன் மிட்டாய்வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் உருவுவதை நிறுத்தவில்லை. "நீ தெரிந்து எடுத்ததும் அவள் செயல்தான், சாமி. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு யோசனை யார் கொடுத்தது? நீ ஏன் முப்பது வருடமாகச் சுமக்கிறாய்?" என்றாள்.

எங்கள் பக்கம் பிள்ளைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். அன்று அந்தச் சொல் என்னை என்னவோ செய்துவிட்டது. அவள் மனதாரத்தான் என்னை விடுவித்தாள். ஆனால் அந்த விடுதலையை வாங்கிக்கொள்ள எனக்கு அம்மன் வேண்டும். எனக்குத்தான் அம்மன் இல்லையே.

பொள்ளாச்சி

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அம்மாவின் நான்கு பவுன் சங்கிலி காணாமல் போனது. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல் இருக்கிறது. பொருளைத் தொலைத்தவர்கள் மிளகாய் அரைத்து அதில் பூசினால், எடுத்தவர் உடம்பு எரியும், பொருள் வந்து சேரும் என்பார்கள். அம்மா அரைத்தார். நான்தான் கூடப் போனேன். மிளகாய் நெடியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆட்டுக்கல்லைச் சுற்றி நின்றிருந்த பெண்களின் முகங்களை மறக்க முடியாது. போலீஸ் ஸ்டேஷன் படியேறியும் கேட்பாரில்லாத முகங்கள். அந்தக் கல்லை விட்டால் அவர்களுக்கு வேறு நியாயம் கிடையாது. அதனால் அதைக் கேலி பேச எனக்கு வாய் வராது.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. வாசல் கூட்டிப் பாத்திரம் கழுவ வந்துகொண்டிருந்த பெண்ணின் காதில் படும்படி, "மிளகாய் அரைத்தாயிற்று" என்று அம்மா இரண்டு தடவை சொன்னார். நான்காம் நாள் அந்தப் பெண் வரவில்லை. காய்ச்சல் என்று தகவல் வந்தது. "பார்த்தாயா, பிடித்துவிட்டது" என்றார்கள். பதினைந்து நாள் கழித்துப் பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் சங்கிலி கிடைத்தது. அம்மா முறைப்படி திரும்பிப் போய் அம்மனுக்கு எண்ணெய் சார்த்திக் குளிர்வித்து வந்தார். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. அவர்கள் குடியிருக்கும் தெரு எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை.

எனக்கு மாசாணி மேல் கோபம் இல்லை. அம்மனிடம் சரிசெய்துகொண்டால் போதும், மனுஷியிடம் வேண்டியதில்லை என்று நாங்கள் நினைத்தோமே, அந்த நாளோடு என் பக்தி நின்றுவிட்டது.

பல்லடம், விவசாயி

எனக்கு ஆழ்துளைக் கிணற்றில் போனது. நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடந்தார். நீர் இருக்கும் இடத்தில் தேங்காய் நிமிரும் என்றார். நிமிர்ந்தது. திருச்செங்கோட்டு போர் வண்டி வந்து 900 அடி ஓட்டியது, புழுதிதான். இன்னொரு இடத்தில் நிமிர்ந்தது. 1,100 அடி, ஈரம்கூட இல்லை. மூன்றாவது இடத்தில் 640 அடியில் ஓரளவு கிடைத்தது. ஊரில் மூன்றாவதைப் பற்றித்தான் பேசுவார்கள். முதல் இரண்டுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுகிறவன் நான்.

நம் பகுதி முழுக்கக் கெட்டிப் பாறை. பாறை வெடிப்புக்குள்தான் தண்ணீர் நிற்கும். பத்தடி தள்ளி ஓட்டினால் வெடிப்புத் தப்பிவிடும். மகனோடு உட்கார்ந்து அதே தேங்காயை நானும் பிடித்துப் பார்த்தேன். நான் மனத்தில் நினைக்கிற இடத்தில் என்னை அறியாமலே அது நிமிர்கிறது. மனைவி கண்ணைக் கட்டிவிட்டாள், ஒரு தடவைக்கு ஒரு இடத்தில் நிமிர்ந்தது. அந்தப் பெரியவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவர் கையே அவரை ஏமாற்றுகிறது. டீச்சரம்மா, உங்கள் கைக்குக் காம்பு தெரிந்தது. அவர் கைக்கு எதுவும் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஈரோடு

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறேன். அப்பா கருப்புச் சட்டைக்காரர். 1925-இல் 'குடி அரசு' தொடங்கிய ஊர் என்று ஈரோட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். அப்பா அம்மா கல்யாணம் 1965-இல், ஐயரும் தாலியும் இல்லாமல் நடந்தது. அது சட்டப்படி செல்லாது என்று சொந்தக்காரர்கள் அம்மாவின் காதுபடவே பேசினார்களாம். 1967-இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சட்டம், முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் சேர்த்தே செல்லுபடி கொடுத்தது. அந்தச் செய்தி வந்த பேப்பரை அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்.

அதே அம்மா, அப்பா இறந்து பதினாறாம் நாள் என்னைத் தனியாக அழைத்து, "பவானி வரைக்கும் போய்விட்டு வரலாமா?" என்றார். சடங்கு எதுவும் கூடாது என்று அப்பா எழுதியே வைத்திருந்தார். பஸ்ஸில் போனோம். கூடுதுறையில் இறங்கி, புரோகிதர் யாரையும் கூப்பிடாமல், கையளவு எள்ளைத் தண்ணீரில் விட்டார். "அவருக்குக் கோபம் வரும்" என்றேன். "வரட்டும். வந்து சண்டை போடட்டும்" என்றார். சாமி இல்லை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அம்மா முழங்கால் நீரில் நின்று யாரோடு பேசினார் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

டீச்சர், ஒன்று கேட்கட்டுமா? அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் யாராவது பூவாக்குக் கேட்டார்களா?

காங்கேயம் பக்கம், ஆசிரியை

கேட்டார்கள். போன வைகாசியில், அண்ணன் மகளுக்கு. இந்த முறை பூ எடுக்க நின்றது என் தம்பியின் பேத்தி, ஏழு வயது. நெற்றியில் திருநீறு, தலையில் இன்னும் ஈரம் காயவில்லை. பொட்டலங்களைப் பார்த்துவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து போய் இரண்டு பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்து, பூவைத் தட்டில் கொட்டிவிட்டேன். "எந்த மாப்பிள்ளை வேண்டும் என்று பெண்ணைக் கேளுங்கள், அண்ணா" என்றேன். என் குரல் நடுங்கியது. பூசாரி தீபத்தை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. அன்றிலிருந்து பேச்சு நின்றுவிட்டது.

அத்தை கோயிலில்தான் இருந்தாள். ஒன்றும் சொல்லாமல், சிதறிய பூவையெல்லாம் பொறுக்கி அம்மன் காலடியில் வைத்துவிட்டு, தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அவளையும் புண்படுத்திவிட்டேன் என்று இரவெல்லாம் உறங்கவில்லை. மறுநாள் விடிகாலையில் அவளிடமிருந்து போன் வந்தது. கோயிலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பெரிய எருமை கன்று போட்டிருக்கிறது, கிடேரி, சீம்பால் எடுத்து வைத்திருக்கிறேன், பத்து மணி பஸ்ஸுக்கு வந்துவிடு என்றாள்.